மூட்டை சாய்ந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: ஜூலையில் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகிறேன். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக். கூடாரம், அடுப்பு, ஸ்லீப்பிங் பேக் எல்லாவற்றையும் பின்னிருக்கையில் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் கட்டிக் கொல்லிமலைக்கு ஒத்திகை போனேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவதிலேயே மூட்டை இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

பதில்: அந்த ரப்பர் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது இழுபடும், பள்ளத்தில் வண்டி குதித்தால் மூட்டை தனியாகக் குதிக்கும். கொக்கி தெறித்து என் நண்பரின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. நல்லவேளை, கண் தப்பியது. பக்கிள் வைத்த நாடாப் பட்டைகள் இரண்டைக் குறுக்காகப் போட்டுக் கேரியரின் இரும்புக் கம்பியில் இறுக்குங்கள். தொங்கும் நுனியைச் சுருட்டிச் செருகுங்கள். என்னுடையது பின்சக்கரப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. லே போகும் வழியில் சர்ச்சு என்ற இடத்துக்கு முன்னால், குளிரில் விரல் விறைக்க, காய்கறிக் கத்தியால் ஒரு மணி நேரம் அறுத்தேன். அடுப்பு, கருவிகள் போன்ற கனமானவை பக்கப் பைகளில் கீழே இருக்கட்டும்.

இன்னொருவர்: வலப்பக்கப் பை சைலன்சரில் உரசாமல் பாருங்கள். கிளம்பிய இருபதாவது கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். துணி மூட்டை அமுங்கும்.

கேட்டவர்: பட்டை வாங்கிவிட்டேன். கூடாரக் கம்பிகள்?

பதில்: ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துச் சுருட்டுங்கள். வளையாது, சத்தமும் போடாது.