அப்பாவுக்குக் கண் பிரஷர் 24, வயசு 63: சொட்டு மருந்து இப்பவே தேவையா?

தேயிலைத்துளிர் (கோத்தகிரி):
கண் முகாமில் காற்று ஊதும் மெஷினில் பார்த்ததில் வலது 24, இடது 23. பார்வையில் குறை ஒன்றும் தெரியவில்லை என்கிறார். பெரியப்பாவுக்குக் கிளாக்கோமா (பார்வை நரம்பு கெடும் நோய்) உண்டு. நார்மல் என்கிற 21-ஐத் தாண்டினாலே நோய்தானா? வயசானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று சிலர் சொல்கிறார்களே?

விழித்திரை:
24 வந்தால் சந்தேகம், அவ்வளவுதான். பார்வை நரம்பு பாதித்தால்தான் நோய். காற்று மெஷினில் மூச்சை அடக்கினாலும், கண்ணை இறுக்கினாலும், கழுத்தில் மஃப்ளர் இறுக்கமாக இருந்தாலும் எண் கூடிக் காட்டும். அதனால் மரப்பு சொட்டு விட்டு, நீல விளக்கில் அளக்கும் அப்ளனேஷன் முறையில் மறுபடி பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் காலையிலும் இன்னொரு நாள் மாலையிலும். ஒரே நாளுக்குள் சில மி.மீ. (கண் பிரஷரை அளக்கும் அலகு) ஏறி இறங்குவது சகஜம்.

வயசோடு பிரஷர் ஏறியே ஆகணும் என்றில்லை. பிரஷர் ஏறாவிட்டாலும் வயசு தனி ஆபத்துதான். அமெரிக்காவில் பிரஷர் மட்டும் கூடியவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில் (2002), பத்து வயசு கூடினால் ஆபத்து சுமார் 22%, ஒரு மி.மீ. கூடினால் சுமார் 10% ஏறியது. அந்தக் கணக்கில் அதே 24, 43 வயசுக்காரரைவிட உங்கள் அப்பாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். ஆனாலும் மருந்து விடாதவர்களில் ஐந்து வருஷத்தில் நோய் வந்தது 9.5% பேருக்குத்தான், மருந்து விட்டவர்களில் 4.4%. ஆகவே முதலில் பரிசோதனை.

குன்னூர்க்காரன்:
கருவிழித் தடிமனை விட்டுவிட்டீர்களே சார். அதே ஆய்வில், பிரஷர் சுமார் 26-ம் அதற்கு மேலும் இருந்து மருந்தும் விடாதவர்களில், தடிமன் 555 மைக்ரானுக்குள் இருந்தவர்களுக்கு 36% நோய் வந்தது. 588-ஐத் தாண்டியவர்களுக்கு 6%. மெல்லிய கருவிழியில் மெஷின் குறைத்துக் காட்டும், தடித்ததில் கூட்டிக் காட்டும். பேக்கிமெட்ரி (கருவிழித் தடிமனை அளப்பது) இல்லாமல் 24-க்கு அர்த்தமே கிடையாது என்பேன்.

21-க்குள் இருந்தால் நிம்மதி என்பதும் தப்பு. சென்னை வட்டாரத்தில் நடந்த கிளாக்கோமா ஆய்வில், திறந்த கோண வகை (கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபடாதது) இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அளந்தபோது 21-க்குள்தான்.

கோனியோஸ்கோப்பி (கோணம் குறுகலா என்று பார்க்க), நரம்புக்கு ஓசிடி (ஒளியால் எடுக்கும் ஸ்கேன்), ஃபீல்டு டெஸ்ட் (பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) மூன்றையும் கேளுங்கள். முதல் ஃபீல்டு டெஸ்ட் பலருக்குச் சொதப்பும், பழகாததால். அதை வைத்தே முடிவெடுக்க விடாதீர்கள். அண்ணன் தம்பிக்கு நோய் இருப்பது கணக்கில் பெரிசு, டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு 40 ஆனதும் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத்துளிர்:
நன்றிங்க. அப்பாவுக்குக் குளிர்காலத்தில் வீசிங் வரும், அதுக்காகக் கேட்கிறேன்.

மருந்துக்கடை:
அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கணும்! கண் பிரஷரைக் குறைக்கத் தரும் டிமோலால் சொட்டு மூக்கு வழியாக உள்ளே இறங்கி மூச்சுக்குழலை இறுக்கும்; நாடித்துடிப்பையும் குறைக்கும். வீசிங் இருப்பவருக்கு அது கூடாது. அதே வேலைக்கான வேறு வகை மருந்தான லாட்டனோபிராஸ்ட் போன்றவை ராத்திரி ஒரே சொட்டுதான். எதுவானாலும் ஒரு துளி விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிஷம் அழுத்தணும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிஷம். லாட்டனோபிராஸ்ட் பிரிக்காத பாட்டில் ஃபிரிட்ஜில். பிரித்தது 25 டிகிரிக்குள் ஆறு வாரம். கோத்தகிரியில் வெளியே வைத்தால் போதும், மேட்டுப்பாளையம் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கண் அரிப்புக்கு ஸ்டீராய்டு சொட்டைத் தானாக வாங்கி விடுவதும் பிரஷரை ஏற்றும். சிரசாசனம் செய்பவர் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள், தலைகீழாக நிற்கும்போது பிரஷர் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

விழித்திரை:
மூடுபனியில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிவது எல்லோருக்கும்தான். வீட்டு பல்பைச் சுற்றியும் வண்ண வளையம், கூடவே கண்வலி, வாந்தி என்றால் கோணம் அடைத்திருக்கலாம். அன்றே மலையிலிருந்து கீழே கண் ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.