பழைய ஸ்ரைவரும் புது டெனர்ஜியும்: ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மதுரை_டாப்ஸ்பின்

போன வாரம் எங்கள் டேபிள் டென்னிஸ் கிளப்பில் ஒரு சீனியர், பழைய காலத்து பேட் ரப்பரான ஸ்ரைவரின் புது ஷீட்டைப் பாக்கெட் பிரித்து ஒட்டி, அரை மணி நேரம் ஆடினார். "இதுவா நாம அன்னைக்கு ஆடின ஸ்ரைவர்? உயிரே இல்லையே" என்றார். பக்கத்து டேபிளில் டெனர்ஜி 05 என்ற புது வகை ரப்பர் வைத்திருந்த கல்லூரிப் பையன், "பழசு பழசுதான் சார்" என்றான். அவர்கள் இருவர் சொன்னதையுமே என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதனால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளில் போட்டிக்கு ஆடிய யாரும் ஸ்ரைவரையோ அதே மாதிரியான மார்க் ஃபைவ் ரப்பரையோ பாக்கெட்டில் வந்தபடி ஆடவில்லை. ஸ்பீட் குளூ என்ற, ரப்பருக்கு வேகம் ஏற்றும் பசையைப் போட்டுத்தான் ஆடினோம். மேட்சுக்கு முன்னால் ரப்பரை ஓரத்தில் பிடித்துக் கிழியாமல் உரிப்போம். ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் மேல் பிரஷ்ஷால் ஒரு கோட், காய்ந்ததும் இன்னொரு கோட். கம்பெனி குளூ கிடைக்காத ஊர்களில் சைக்கிள் கடை பஞ்சர் சொல்யூஷன்தான். ஐரோப்பாவிலும் கதை அப்படித்தான் ஆரம்பித்தது. எழுபதுகளில் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையைத் தடவிப் பார்த்தவர்கள் என்று யூகோஸ்லாவியாவின் ஷுர்பெக், ஹங்கேரியின் கிளாம்பார் பெயர்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

குளூவில் இருக்கும் டொலுயீன் மாதிரியான கரைப்பான் ஸ்பாஞ்சுக்குள் இறங்கி அதை உப்ப வைக்கும். ஸ்பாஞ்ச் விரியும், மேலே இருக்கும் ரப்பர் அந்த அளவுக்கு விரியாது. ஷீட் தானாகப் படகு மாதிரி வளைந்து எழும்பும். அதை அழுத்தி பிளேடில் (பேட்டின் மரப்பகுதியில்) படிய வைத்தால் மேல் ரப்பர் இழுத்துக் கட்டிய நிலையில் உட்காரும். பந்து பட்டால் "டக்" என்று கணீர் சத்தம், வேகமும் ஸ்பின்னும் சேர்ந்து கிளம்பும். சில மணி நேரத்தில் கரைப்பான் ஆவியாகிவிடும். மறுநாள் மறுபடி உரி, தடவு, ஒட்டு. ஜன்னல் இல்லாத டிரெஸ்ஸிங் ரூமில் பத்துப் பேர் உட்கார்ந்து குளூ தடவிய அந்த நெடி உடம்புக்கு நல்லதே இல்லை. சர்வதேச சம்மேளனம் 2008 செப்டம்பரிலிருந்து அதைத் தடை செய்தது நூற்றுக்கு நூறு சரி.

அதே 2008-ல்தான் டெனர்ஜி 05 வந்தது. குளூ தற்காலிகமாகக் கொடுத்த இழுவிசையைத் தொழிற்சாலையிலேயே ரப்பருக்குள் வைக்கும் முயற்சி 1997-ல் பிரைஸ் என்ற ரப்பர் வந்தபோதே ஆரம்பித்துவிட்டது. டெனர்ஜி அதோடு பெரிய துளை உள்ள ஸ்பிரிங் ஸ்பாஞ்சைச் சேர்த்தது. என் கைக்கு, குளூ போட்ட ஸ்ரைவரின் நேர் வாரிசு டெனர்ஜிதான். இன்றைய பாக்கெட் ஸ்ரைவர் வேறு சாமான்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அன்றைக்குப் பந்து 38 மி.மீ. செல்லுலாய்டு. 2000-த்தில் 40 ஆனது, 2014-லிருந்து பிளாஸ்டிக் வந்தது. பந்து பெரிதாகிப் பெரிதாகி ஸ்பின் குறைந்துகொண்டே வந்தது. பழைய ரப்பர் மந்தமாகத் தெரிவதில் பந்துக்கும் பங்கு உண்டு.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். எந்தப் பந்து, குளூ உண்டா இல்லையா, என்ன பிளேடு என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

கோவை_கோச்

நல்ல இழை சார். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என்னிடம் வந்த ஒரு பையனுக்கு அவன் மாமா டெனர்ஜி ஒட்டிய பேட்டைக் கொடுத்திருந்தார். பந்து பட்டாலே எதிர்ப்பக்கம் போய் விழுகிறது. அதனால் அவன் கை பாதியிலேயே நின்றுவிடும். இடுப்பு திரும்பாது, கால் நகராது. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவான், பந்து போய்விடும். புஷ் (பந்தை மெதுவாக அடியில் தள்ளித் திருப்புவது) போடச் சொன்னால் நெட்டுக்கு மேலே ஒரு சாண் எழும்பும். எழும்பும் என்ற பயத்தில் பந்தைத் தொடாமலேயே இழுப்பான்.

1.8 மி.மீ. ஸ்பாஞ்ச் உள்ள மார்க் ஃபைவ் ஒட்டிக் கொடுத்தேன். முதல் வாரம் முழுக்கப் பந்து நெட்டிலேயே விழுந்தது. மாமா எனக்கு போன் செய்து, "நல்ல ரப்பரை எடுத்துட்டு மட்டமானதைப் போட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். அப்புறம் பையனுக்குத் தானாகவே முட்டி வளைந்தது, பந்துக்குக் கீழே போக ஆரம்பித்தான். கையை முழுசாக வீசினால்தான் பந்து போகும் என்று அந்த ரப்பரே சொல்லிக்கொடுத்தது. நான் தொண்டை வரளக் கத்தி நடக்காதது அது. 1969-ல் வந்த ரப்பர் இன்றும் தயாரிப்பில் இருக்கிறதென்றால் சும்மா இல்லை.

முழு வீச்சு வந்த பிறகு டெனர்ஜிக்கோ, அது போல இழுவிசை உள்ளேயே வைத்த வேறு டென்ஷன் ரப்பருக்கோ போகட்டும். மாவட்டப் போட்டிக்கு மேலே போகிற பிள்ளைக்குப் புது ரப்பர் இல்லாமல் முடியாது, அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடற்கரை_பிளாக்

சென்னையில் மழைக்காலத்து சாயங்காலம் ஏசி இல்லாத ஹாலில் ஆடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். காற்றில் ஈரம் ஏறினால் புது ரப்பர், பழைய ரப்பர் எல்லாம் வழுக்கும். ஆனால் டெனர்ஜியில் ஸ்பின்னை நம்பிப் பந்தை உரசி இழுப்போம் இல்லையா, அதில் வழுக்கினால் பந்து நேராக நெட்டுக்குள் போகிறது. ஸ்ரைவரில் கொஞ்சம் தட்டையாக அடிக்கலாம், அதனால் பிழைத்துக்கொள்வேன். பாயிண்டுக்குப் பாயிண்ட் வாயால் ஊதிப் பேண்ட்டில் தேய்ப்பதை விட்டுவிட்டு, காய்ந்த பருத்தித் துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதினால் ஈரம்தான் கூடும். காரில் பேட்டை விட்டுவிட்டும் போகாதீர்கள், வெயிலில் எந்த ரப்பரும் தாங்காது.

சாப்பர்

வெட்டி ஆடுகிறவர்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

டேபிளிலிருந்து பத்தடி தள்ளி நின்று, விழுகிற பந்தை முட்டி உயரத்தில் சாப் செய்வதுதான் என் பிழைப்பு. அந்த இடத்தில் ரப்பர் தன் பங்குக்கு உதைக்கவே கூடாது. எதிராளியின் லூப் (பலத்த டாப்ஸ்பின் அடி) ஏற்கெனவே ஏகப்பட்ட வேகத்தோடு வருகிறது. அதை ஸ்பாஞ்சுக்குள் வாங்கி, நெட்டை ஒட்டித் திருப்பி இறக்கணும். மார்க் ஃபைவ் 1.5-ல் பந்து கையில் வந்து நிற்பது தெரியும், எவ்வளவு வெட்டினேன் என்று உள்ளங்கை சொல்லும். டெனர்ஜி 1.7-க்குக் கீழே கிடைப்பதில்லை. அதிலும் சாப் செய்து பார்த்தேன், பந்து மிதந்துபோய் எதிராளி தோள் உயரத்தில் உட்கார்ந்தது. அவருக்கு விருந்து.

ஆனால் வெட்டு மட்டுமே வைத்து இன்றைக்கு ஜெயிக்க முடியாது. 2003 பாரிஸ் உலகப் போட்டியில் தென்கொரியாவின் ஜூ சே-ஹ்யுக் இறுதி ஆட்டம் வரை போனாரே, பின்னால் நின்று வெட்டிக்கொண்டே இருந்து, சமயம் பார்த்து ஃபோர்ஹேண்டில் பாய்ந்து அடித்ததால்தான். பெரிய பந்து வந்த பிறகு அந்த அடி இன்னும் அவசியமாகிவிட்டது. அதனால் என் மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஃபோர்ஹேண்டில் அடிக்கும்போது புது ரப்பர் வேண்டும், வெட்டும்போது பழையது வேண்டும். இப்போதைக்கு வெட்டு ஜெயித்திருக்கிறது.

பேக்ஹேண்டில் நீள முள் ரப்பர், அதாவது மேலே முள் போல நீட்டிய புடைப்புகள் உள்ளது. அதிலும் 2008 ஒரு எல்லைக்கோடு. உராய்வே இல்லாத முள் ரப்பர்களை அந்த வருஷம்தான் நிறுத்தினார்கள். குளூ போன துக்கத்தில் எங்கள் துக்கத்தை யாரும் கவனிக்கவில்லை!

இன்ஸ்டிட்யூட்_ஆட்டக்காரர்

தம்பிகள் எல்லாரும் ஸ்ரைவரிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அதற்கும் முந்திய பேச்சு ஒன்று உண்டு, அது நம் நாட்டில் நடந்தது.

1952-ல் உலக சாம்பியன்ஷிப் பம்பாயில் நடந்தது. ஜப்பான் முதன்முதலாகக் கலந்துகொண்ட வருஷம். ஹிரோஜி சாட்டோ என்பவர் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்து ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை எடுத்துப்போனார். அதுவரை அநேகமாக எல்லாரும் ஆடியது ஸ்பாஞ்ச் இல்லாத முள் ரப்பர். பந்து பட்டால் "டொக்" என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எதிராளி எவ்வளவு பலமாக அடித்தார் என்று கணித்துவிடலாம். சாட்டோவின் பேட்டில் சத்தமே இல்லை. காது பழகிய ஆட்டம் குலைந்துபோனது. பேட்டில் எதையும் எவ்வளவு தடிமனுக்கும் ஒட்டலாம் என்ற நிலை 1959 வரை நீடித்தது. அந்த வருஷம்தான் விதி வந்தது. இன்று நீங்கள் ஒட்டும் ஷீட்டுக்கு 4 மி.மீ. என்ற உச்ச வரம்பு அங்கிருந்து வருகிறது.

நாங்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆடிய காலத்தில் பேட்டின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இருக்கலாம். ஒரு பக்கம் சாதா ரப்பர், இன்னொரு பக்கம் ஸ்பின்னே பிடிக்காத ஆன்டி ரப்பர். டேபிளுக்குக் கீழே பேட்டைச் சுழற்றிவிட்டு சர்வீஸ் போடுவார்கள். எந்தப் பக்கம் பட்டது என்று நாங்கள் காதால்தான் கண்டுபிடிப்போம். அது தெரியக்கூடாது என்று சர்வீஸ் போடுகிறவர் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு என்று 1986-ல் விதி வந்தபோதுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அதனால் புது ரப்பர் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஸ்ரைவர் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள்.

மதுரை_டாப்ஸ்பின்

ஐயா, கால் மிதிக்கும் கதை அருமை. எங்கள் தலைமுறைக்கு அது தெரியாது.

உங்கள் எல்லோருடைய பதிவையும் படித்துவிட்டு ஒரே பிளேடில் ஒரு பக்கம் மார்க் ஃபைவ், மறுபக்கம் டெனர்ஜி 05 ஒட்டி, வழக்கமாக என்னோடு ஆடும் நண்பரோடு பொறுமையாகப் பார்த்தேன். வாட்டர் பேஸ்டு குளூ, பிளாஸ்டிக் பந்து.

பிளாக்கில், அதாவது வேகமாக வரும் பந்தை வெறுமனே தடுத்துத் திருப்புவதில், வித்தியாசம் உடனே தெரிந்தது. மார்க் ஃபைவில் வைத்த அதே கோணத்தில் டெனர்ஜியை வைத்தால் பந்து டேபிளைத் தாண்டிப் போகிறது. பேட்டை இன்னும் மூடிப் பிடிக்க வேண்டும். பேக்ஸ்பின் (பின்பக்கமாகச் சுழலும்) பந்தைத் தூக்கும்போது தலைகீழ். மார்க் ஃபைவுக்கு முட்டிக்குக் கீழே போய் மொத்த உடம்பையும் கொடுத்தேன், டெனர்ஜி பாதி உழைப்பில் வளைத்து உள்ளே இறக்கியது. டேபிளிலிருந்து தள்ளிப்போய் லூப்புக்கு லூப் ஆடும்போது பழையதற்கு மூச்சு வாங்குகிறது. அங்கே போட்டியே கிடையாது. சர்வீஸ் எடுப்பதில் என் ஓட்டு மார்க் ஃபைவுக்கு. நண்பர் போட்ட ஸ்பின்னில் பாதியைத்தான் அது கண்டுகொள்கிறது, குட்டையாகத் திருப்பி வைக்க முடிகிறது. தட்டையாக ஓங்கி அடிக்கும் ஸ்மாஷும் அதில்தான் நேராகப் போனது.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆடுகிற நம் போன்றவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மேல் ரப்பர் பளபளப்பு போய் வழவழவென்று ஆன பிறகும், விலையை நினைத்து டெனர்ஜியை வருஷக்கணக்கில் மாற்றாமல் ஆடுகிறோம். பிடிப்பு போன டெனர்ஜியில் உதை மட்டும் மிச்சம் இருக்கும், ஸ்பின் இருக்காது. பந்து எங்கே போகும் என்று தெரியாது. அதைவிட, அந்தக் காசில் மார்க் ஃபைவ் வாங்கி அடிக்கடி புதுசாக மாற்றி ஆடுவது எவ்வளவோ மேல். என் பேக்ஹேண்டுக்கு அதையே முடிவு செய்துவிட்டேன், ஃபோர்ஹேண்டில் டெனர்ஜி இருக்கட்டும்.

சாப்பர் நண்பரே, அந்த 1.5 ஷீட்டுக்குக் கீழே என்ன பிளேடு வைத்திருக்கிறீர்கள்? ஹரிகேன் 3 மாதிரி ஒட்டும் தன்மையுள்ள சீன ரப்பர் ஆடுகிறவர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை. அதன் கடினமான ஸ்பாஞ்சில் இதே பிளாக், இதே பேக்ஸ்பின் பந்து எப்படி வருகிறது என்று சொல்லுங்கள்.