ஜூரியில் ஒருவர் உண்மையை மறைத்தார், சிவில் தீர்ப்பை மாற்ற முடியுமா?

பட்டர்வொர்த்காரன்:
வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் என் மாமா பையனை மோட்டார் சைக்கிளில் போகும்போது லோரி இடித்துவிட்டது. ஃபெடரல் கோர்ட்டில் நஷ்டஈடு கேஸ், ஜூரி (தீர்ப்புச் சொல்லத் தேர்ந்தெடுத்த பொதுமக்கள் குழு) முன்னால் நடந்து போன மாதம் தோற்றுவிட்டான். இப்போது ஜூரியில் இருந்த ஓர் அம்மா அவன் லாயருக்குப் போன் செய்து, "உங்களில் யாராவது லோரி ஓட்டியதுண்டா என்று முதல் நாள் ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்டதற்குக் கையைத் தூக்காத மனுஷன், ஜூரி அறைக்குள் போனதும் 'இருபது வருஷம் ஓட்டினேன், இந்த மோட்டார்காரன்கள் எல்லாம் இப்படித்தான்' என்றார்" என்கிறார். இது போதாதா?

கேஎல் குமாஸ்தா:
நான் லாயர் இல்லை, ஜாலான் டூத்தா கோர்ட்டுக்கு ஃபைல் தூக்குகிறவன். அந்த அம்மா சொன்னது மட்டும் போதாது. ஜூரி அறைக்குள் பேசியதை வைத்துத் தீர்ப்பை உடைக்க அங்கே சாட்சிய விதி 606(பி) விடாது. 2014இல் வார்கர் கேஸ் கிட்டத்தட்ட இதேதான்: மோட்டார் விபத்து, ஜூரித் தலைவி உள்ளே தன் மகள் செய்த விபத்தைச் சொன்னார். கூட இருந்த ஜூரி எழுதிக் கொடுத்தும் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒரே குரலில் முடியாது என்றுவிட்டார்கள். எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வெளியே கிடைக்கும் ஆதாரம் வேறு கதை. கேட்ட கேள்விக்கு உங்கள் கேஸில் இருந்த அந்த லோரி மனுஷன் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவரை நீக்கக் காரணம் இருந்திருக்கும், இந்த இரண்டையும் காட்ட வேண்டும். 1984 மெக்டோனோ தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது. மறுவிசாரணை மனுவுக்குத் தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 28 நாள்தான், கெஞ்சினாலும் நீட்டிக்க மாட்டார்கள். அப்புறம், அந்த ஆளிடம் நீங்களாகப் பேசப் போகாதீர்கள்.

ஜெலுத்தோங் அண்ணன்:
நம் மலேசியாவில் இந்தத் தலைவலியே இல்லை தம்பி. இங்கே ஜூரி கடைசியில் மரண தண்டனைக் கேஸுக்குத்தான் இருந்தது, அதையும் 1995இல் எடுத்துவிட்டார்கள். சிவில் கேஸை நீதிபதி தனியாகவே கேட்கிறார். அவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்றால் சும்மா சந்தேகம் போதாது, 'உண்மையான ஆபத்து' இருந்ததா என்று பார்ப்பார்கள். நம் பினாங்கு நகராண்மைக் கழகக் கேஸில்தான் இங்கே உச்ச கோர்ட்டான ஃபெடரல் கோர்ட் அதைச் சொன்னது.

பட்டர்வொர்த்காரன்:
நன்றி அண்ணன்களே. எண்ணிப் பார்த்தேன், இன்று 19ஆவது நாள். அந்த ஆளின் பேஸ்புக் யாரும் பார்க்கிற மாதிரி திறந்தேதான் இருக்கிறது, முகப்புப் படத்திலேயே ஒரு நீல லோரி மேல் கை வைத்துச் சிரிக்கிறார், 2011 என்று போட்டிருக்கிறது. லாயருக்கு அனுப்பச் சொல்லி மெசேஜ் போட்டுவிட்டேன், அங்கே இன்னும் விடியவில்லை.