மறு: மறு: மறு: ரீஜனல் கீவேர்டுக்கு ஒரு சொல் வேணும் (வெள்ளிக்குள்ள)

எல்லாருக்கும் வணக்கம். இணையதளத்துக்கு ஆங்கிலத்துல எழுதறவங்களுக்கான கையேடு ஒண்ணைத் தமிழாக்கம் பண்ணிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். அதுல ஒரு அத்தியாயம் முழுக்க ஒரே விஷயம்தான், பிரிட்டன்ல தேடுறவர் அடிக்கிற சொல் வேற அமெரிக்காவுல அடிக்கிற சொல் வேற, உங்க பக்கத்துல எதை வைக்கப் போறீங்கன்னு. ஃபிளாட்டா அபார்ட்மென்ட்டா, லாரியா டிரக்கா, நாப்பியா டயப்பரா. அது போதாதுன்னு எழுத்து வித்தியாசம் வேற, கலருக்கு யூ உண்டா இல்லையா, டயருக்கு ஒய் போடணுமா ஐ போடணுமா. இதுக்கெல்லாம் சேர்த்து ஒரே பேரா 'ரீஜனல் கீவேர்டு'ன்னு பக்கத்துக்குப் பக்கம் வருது. 'பிராந்திய முக்கியச்சொல்'னு போட்டு வெச்சிருக்கேன், படிச்சா எனக்கே மூச்சு வாங்குது. மெனுவுலயும் வரும், ரெண்டு சொல்லுக்கு மேல இடம் இல்ல.

- - -

> பிராந்திய முக்கியச்சொல்

பிராந்தியம் வேண்டாம் தம்பி, அது தமிழும் இல்ல, வகுப்புல சொன்னா பின் பெஞ்சுல பிராந்தின்னு சிரிப்பு கிளம்பும். முதல்ல கீவேர்டையே முடிவு பண்ணுங்க. குறிச்சொல்னு நான் சொன்னா பசங்க பதிவுக்குக் கீழ போடற டேகைக் காட்டறாங்க. திறவுச்சொல்னா பாஸ்வேர்டா டீச்சர்ங்கறாங்க. ஆங்கிலத்துல கீ இருக்குங்கறதுக்காக நாமளும் சாவியத் தூக்கிட்டு அலையணுமா? தேடுசொல்னு வெச்சுக்கோங்க, யாரும் விளக்கம் கேக்க மாட்டாங்க.

- - -

தேடுசொல் நல்ல தேர்வு அம்மா. வினைத்தொகை. தேடிய சொல், தேடுகின்ற சொல், தேடும் சொல் என்று மூன்று காலமும் உள்ளே இருக்கிறது, பழைய தேடல்களைப் பார்த்து இனி வரப்போகும் தேடலுக்குச் சொல் பொறுக்குகிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடையாது. ஆனால் அதன் முன்னால் எதற்கு வட்டாரமும் பிராந்தியமும்? தொல்காப்பியர் அன்றைக்கே திசைச்சொல் என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டாரே.

- - -

ஐயா, திசைச்சொல்னா பள்ளிக்கூடத்துல படிச்சவங்களுக்கு சாவி, ஜன்னல்னு போர்ச்சுகீசியத்துலேருந்து வந்த சொற்கள்தான் ஞாபகத்துக்கு வரும். பிறமொழிச் சொல்னு நெனச்சுடுவாங்களே?

- - -

அது நன்னூலார் விரித்தது தம்பி. பன்னிரு நிலத்தோடு தமிழ் ஒழிந்த, அதாவது பிறமொழி பேசும், பதினேழு நிலத்தையும் அவர்தான் சேர்த்தார். தொல்காப்பியர் செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தோடு நிறுத்திக்கொண்டார், அதாவது ஒரே மொழி, நிலத்துக்கு நிலம் வேறு சொல். லாரியும் டிரக்கும் இதில் அடங்காதா?

திரிசொல்லையும் பாருங்கள். ஒருபொருள் குறித்த வேறுசொல், வேறுபொருள் குறித்த ஒருசொல் என்று இரண்டு வகை. லிஃப்டும் எலிவேட்டரும் முதல் வகை. பேன்ட்ஸ் இரண்டாவது வகை, அமெரிக்கர்க்குக் கால்சட்டை, பிரிட்டனில் உள்ளாடை. ஃபுட்பால் என்று தேடினால் எந்த ஆட்டம் வரும் என்பதும் நிலத்தைப் பொறுத்ததுதான்.

எழுத்து வேறுபாட்டுக்கும் இலக்கணம் உண்டு. டயரில் ஒய் நின்ற இடத்தில் ஐ நிற்பது இடைப்போலி. சென்டரில் ஆரும் ஈயும் இடம் மாறுவது தசை சதை ஆன மாதிரி. கலரில் யூ போனது கெடுதல், அலுமினியத்தில் ஐ போனதும் கெடுதல்.

- - -

> அலுமினியத்தில் ஐ போனதும் கெடுதல்

கொஞ்சம் பொறுங்க ஐயா, 1812ல வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி எழுதினது ஐ இல்லாத வடிவந்தான், அவரு பிரிட்டிஷ்காரர். மத்த தனிமங்களோட பேர் மாதிரி இருக்கட்டும்னுதான் ஐ சேர்ந்துச்சு. அப்போ பிரிட்டன்ல நடந்தது தோன்றல், அமெரிக்காவுல எதுவும் கெடல.

- - -

தோன்றல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்க அகராதிக்காரர் வெப்ஸ்டர் தம் 1828 அகராதியில் கலரின் யூவை வெட்டியது கெடுதல்தானே?

- - -

ரெண்டு பேரும் மன்னிக்கணும், நான் இந்த வேலைய தினமும் பண்றவ, அதனால சொல்றேன். போலின்னு மட்டும் வேண்டாம். இலக்கணத்துல அது என்னவா வேணா இருக்கட்டும், மெனுவுல 'போலித் தேடுசொல்'னு பாத்தா பார்க்கறவர் ஸ்பேம்னு நெனச்சு அழிச்சிட்டுத்தான் மறுவேலை பாப்பார்.

அதவிட முக்கியம், எழுத்து மாறறதும் சொல்லே மாறறதும் வேலைன்னு வரும்போது ஒண்ணு இல்ல. யூ போட்ட கலரையும் போடாத கலரையும் தேடுபொறி பெரும்பாலும் ஒண்ணாத்தான் எடுத்துக்குது, அதனால ஒரு வடிவத்தப் பிடிச்சுக்கிட்டு பக்கம் முழுக்க அதையே எழுதினா போதும், ரெண்டையும் மாத்தி மாத்தி எழுதினா படிக்கறவங்களுக்குத்தான் தப்புத்தப்பா எழுதின மாதிரி தெரியும். சொல் வேறன்னா தேடுபொறி சேத்துக்கும்னு அப்படி நம்பிட முடியாது. காரோட பின்பக்க டிக்கிக்கு பிரிட்டன்ல பூட், அமெரிக்காவுல டிரங்க். பூட்னு தேடினா காலணியும் வரும், டிரங்க்னு தேடினா பெட்டியும் வரும், யானைத் தும்பிக்கையும் வரும். இங்க யாருக்காக எழுதறோமோ அவங்க சொல்லத் தலைப்புல வெச்சு, மத்தவங்க சொல்ல உள்ள ஒரு வாக்கியத்துல இயல்பா வர்ற மாதிரி எழுதணும். அதுக்காக, பக்கத்தோட நிரல்ல பார்க்கறவர் கண்ணுக்குத் தெரியாம இருக்கற பழைய மெட்டா கீவேர்ட்ஸ் டேகுல ரெண்டையும் அடைச்சு வெக்கறவங்க இன்னும் இருக்காங்க, தரவரிசைக்கு அதைப் பாக்கறதே இல்லன்னு 2009லயே கூகுள் சொல்லியாச்சு.

ரெண்டு நாட்டுக்கும் தனித்தனிப் பக்கம் வெச்சா ஹெச்ரெஃப்லாங் போடணும், எந்தப் பக்கம் எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்குன்னு தேடுபொறிக்குச் சொல்ற குறியீடு அது. அதுல பிரிட்டனுக்கு யூகேன்னு எழுதினா செல்லாது, ஐஎஸ்ஓ பட்டியல்படி ஜிபிதான். இத எவ்வளவு பேர் தப்பாப் போடறாங்கன்னு பாத்தா அழுகை வரும்.

அதனால ரெண்டு பெயர் வேணும்: எழுத்து வேறுபாடு, சொல் வேறுபாடு. இதுல இலக்கணம் தெரியாதவங்களுக்கும் புரியாதது எதுவும் இல்ல.

- - -

அக்கா சொல்றது சரிதான், ஆனா மூலத்துல ரெண்டுக்கும் சேர்த்துப் பொதுவா ஒரு பேர் இருக்கே. 'வட்டாரத் தேடுசொல்'னு போட்டுடவா?

- - -

வட்டாரம்னா ஒரு மாவட்டத்துக்குள்ள நாலு ஊரு சேந்தது. அமெரிக்காவ வட்டாரம்னு சொன்னா எப்படி? நாட்டுவழக்குத் தேடுசொல்னு வைங்க.

- - -

நாட்டுவழக்குன்னா நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இருக்கு! அதோட நாட்டுக்கு ஒண்ணுன்னு கோடு போட்டும் பிரிக்க முடியாது. கனடாவுல கலருக்கு யூ போடுவாங்க, டயருக்கு அமெரிக்கா மாதிரி ஐ போடுவாங்க. ஆஸ்திரேலியாவுல லேபருக்கு யூ உண்டு, ஆனா அங்க இருக்கற லேபர் கட்சியோட பேர்ல மட்டும் யூ கிடையாது. ஆர்கனைஸுக்கு இசட் போட்டாலே அமெரிக்க வழக்குன்னு அடிக்க வருவாங்க, ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அந்த இசட்டத்தான் முதல்ல வைக்குது. வட்டாரமே இருந்துட்டுப் போகட்டும், எல்லை எங்கன்னு தெரியாததுதான் அதுல வசதி.

- - -

எனக்கும் வட்டாரத் தேடுசொல் சம்மதம். நாளைக்கு வகுப்பு இருக்கு, இதுக்கு மேல முழிச்சிருக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு, த் விட்டுடாதீங்க. அதே சமயம் தேடுச்சொல்னு ச் போட்டுடாதீங்க, வினைத்தொகையில மிகாது.

- - -

சரி, 'வட்டாரத் தேடுசொல்'னே போட்டு அனுப்பிடறேன், கீழ அக்கா சொன்ன ரெண்டு பிரிவும் துணைத்தலைப்பா வரும். போலி இல்ல. திசைச்சொல்லையும் எடுத்துட்டேன், ஐயா கோவிச்சுக்காதீங்க.

- - -

கோபம் ஒன்றும் இல்லை. பெரும்பான்மை எதுவோ அதைப் போடுங்கள். நான் எழுதுகிற இடத்தில் திசைத் தேடுசொல் என்றுதான் எழுதுவேன். அலுமினியம் பற்றி இங்கே எழுதியவர், டேவி அதற்கு முன்பு வேறு ஒரு பெயரும் வைத்திருந்தாரா என்று தெரிந்தால் தனிமடலில் சொல்லவும்.

- - -

1808ல அலுமியம்னு வெச்சாரு ஐயா. தனி இழையாவே தொடங்கிடலாம்.