கிரெப் தேடலில் காணாமற்போன தோம்பலூர்

டொம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிக் கிடைத்த குறிப்புகளை, பெங்களூருவில் வசிக்கும் நாங்கள் மூவர் சில ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து, ஏறத்தாழ 200 உரைக்கோப்புகளாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஊரின் பழம்பெயரான ‘தோம்பலூர்’ எங்கெல்லாம் வருகிறது என்று அறிய, சென்ற மாதம், கொடுத்த சொல் வரும் வரிகளைக் கோப்புகளிலிருந்து எடுத்துக் காட்டும் கிரெப் கட்டளையை ஓட்டினேன். 14 வரிகள் வந்தன. நானே மெய்ப்புப் பார்த்த ஒரு கோப்பு அவற்றில் இல்லை. திறந்து பார்த்தால் இரண்டாம் வரியிலேயே தோம்பலூர் நிற்கிறது.

எழுத்துப்பிழையோ என்று அரைமணி நேரம் உற்றுப் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. பிறகு, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கருவிக்கு, நான் தேடிய சொல்லையும் அந்தக் கோப்பில் இருந்த சொல்லையும் கொடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: ஒன்றில் ‘தோ’ ஆறு பைட்டுகள், மற்றொன்றில் ஒன்பது. முதலாவதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருந்தது. இரண்டாவதில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறையான டிஸ்கியின் எழுத்துருவில் தட்டச்சிட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில்தான் இந்தப் பிளவு இருந்தது. டிஸ்கியில் கொம்பும் காலும் தனித்தனியே தட்டப்பட்டவை. யூனிகோடுக்கு மாற்றிய கருவி அவற்றைச் சேர்க்காமல் விட்டிருக்கிறது.

இதற்குக் கிரெப்பைக் குறை சொல்ல முடியாது. யுனிக்ஸின் ஈடி என்ற உரைத் தொகுப்பானின் தேடும் வேலையைத் தனியே பிரித்து, 1970-களின் தொடக்கத்தில் கென் தாம்சன் அதை எழுதிய காலந்தொட்டு, கொடுத்த வடிவத்தை வரிவரியாக ஒப்பிடுவதே அதன் பணி. இரண்டு பைட்டு வரிசைகள் திரையில் ஒன்றுபோலத் தெரிவது அதற்குப் பொருட்டல்ல. குறியீடுகளை மாற்றித்தரும் யூகான்வ் கருவியால் எல்லாக் கோப்புகளையும், பிரிந்த குறிகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிய பின் தேடினேன். 31 வரிகள் வந்தன.

மறுமொழி, மடிவாளாவிலிருந்து:

ஐயா, அந்த 31 என்பது கிரெப்புக்கு மைனஸ் சி (-c) என்ற விருப்பத்தைக் கொடுத்து எண்ணியது என்றால், இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். மைனஸ் சி வரிகளைத்தான் எண்ணும். ஒரு வரியில் சொல் மூன்று முறை வந்தாலும் ஒன்று என்றே சொல்லும். பத்தி முழுவதையும் ஒரே வரியாகத் தட்டுபவன் நான் என்பதால், என் அலுவலகப் பதிவேடு ஒன்றில் இதே கணக்கைத் தவறாகக் கொடுத்து, மேலாளர் முன்னால் விழித்தேன். அதற்குப் பதிலாக மைனஸ் ஓ (-o) கொடுத்தால், தேடிய சொல் வரும் ஒவ்வோர் இடமும் தனி வரியாக வரும். அந்த வரிகளை டபிள்யூசி மைனஸ் எல் (wc -l) என்ற கட்டளை எண்ணித் தரும்.

முதலில் எழுதியவரின் மறுமொழி:

நன்றி தம்பி, மைனஸ் சிதான் கொடுத்திருந்தேன். இப்போது எண்ணினால் 38.