‘பார்க்கிங் மோடு’: ‘நிறுத்தப் பதிவு’ வேண்டாம், ‘தரிப்புக் காவல்’ எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம். டேஷ்கேம், அதாவது காரின் முன்கண்ணாடியில் பொருத்தும் பதிவுக் கேமராவின் சொற்களுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘பார்க்கிங் மோடு’ என்பது வண்டி நின்றிருக்கும்போதும் அது விழித்திருக்கும் நிலை. அதற்குக் குழுமத்தில் வந்த பரிந்துரை:

> பார்க்கிங் மோடு = நிறுத்தப் பதிவு. எளிமையாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோமே?

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் டேஷ்கேம் மெனுவில் ‘பதிவு நிறுத்தம்’ என்றும் ஒரு வரி வரும். ‘நிறுத்தப் பதிவு’ என்றால் வண்டி நிற்கும்போதும் பதிவு செய். ‘பதிவு நிறுத்தம்’ என்றால் பதிவை நிறுத்து. இரண்டு சொல் இடம் மாறியதும் பொருள் தலைகீழ். உள்ளங்கையளவுகூட இல்லாத திரையில், இருட்டில், இதைப் பிரித்துப் படிப்பது கடினம்.

‘பதிவு’ என்பதும் பொருந்தவில்லை. பல கேமராக்கள் இந்த நிலையில் தொடர்ந்து படம் பிடிப்பதில்லை. சும்மா விழித்திருக்கும், யாராவது இடித்தால் அதிர்வுணரி எழுப்பும், அந்தத் துண்டை மட்டும் சேமிக்கும். சிலவற்றில் நொடிக்கு ஒரு படம். செய்கிற வேலை காவல். பெயரும் அதையே சொல்லட்டும்.

‘நிறுத்தம்’ என்பதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. இலங்கையில் ‘வாகனத் தரிப்பிடம்’ அன்றாட வழக்கு. ‘தரி’ என்றால் ஓரிடத்தில் நின்று தங்குவது. தமிழ்நாட்டுக் காதுக்குக் கருத்தரிப்பும் உடை தரிப்பதும் முதலில் நினைவுக்கு வரும் என்பது உண்மை. ஆனாலும் ‘கால் தரிக்கவில்லை’ என்பது நமக்கும் புரிகிற பேச்சுதானே. ஆகவே என் பரிந்துரை: தரிப்புக் காவல்.

அடுத்தது ‘ரிவர்ஸ் பார்க்கிங்’. இதற்கும் டேஷ்கேமுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்குப் பட்ட பிறகுதான் தெரிந்தது. எங்கள் அடுக்ககத்தின் அடித்தளத்தில் காரை மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவந்தேன். ஒருநாள் காலையில் பின்பக்க பம்பரில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல். ஆவலோடு காட்சியைத் திறந்தால் சுவர், அதில் ஈரக்கசிவின் கறை, வேறொன்றும் இல்லை. கேமரா முன்கண்ணாடியில் இருக்கிறது. வண்டிகள் போகிற பாதையோ என் முதுகுப் பக்கம். இப்போது பின்னால் நுழைத்து நிறுத்துகிறேன், கேமரா பாதையைப் பார்க்கிறது. திரும்புவது முன்சக்கரம் என்பதால் குறுகிய இடத்தில் நுழைப்பதும் எளிது.

இதைப் ‘பின்னோக்கி நிறுத்தல்’ என்றால் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்ற குழப்பம் வரும். நுழைவை வைத்துச் சொன்னால் குழப்பமில்லை: பின்னுழைவுத் தரிப்பு, முன்னுழைவுத் தரிப்பு.

மூன்றாவது சொல்தான் எனக்கு முக்கியம்: பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் கேமரா தானாக அணைய வேண்டும் என்ற அளவு. வண்டி அணைந்ததும் பல கார்களில் கேமராவுக்கு மின்சாரம் தரும் லைட்டர் சாக்கெட்டும் அணைந்துவிடும். ஆகவே ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்கிறோம்: பொதுவாக மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள முனைக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் முனைக்கு, கறுப்பு வண்டியின் உடம்புக்கு. கேமரா 4 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 8 ஆம்பியர்-மணி போகும். என் பேட்டரி 45 ஆம்பியர்-மணி. நான்கு நாள் ஊருக்குப் போய்வந்து சாவியைத் திருப்பினேன், ‘டிக் டிக்’ சத்தம் மட்டும். வயரைப் பொருத்தியவர் கேமரா அணையும் அளவை 11.8 வோல்ட்டில் வைத்திருந்தார். அந்த அளவில் ஈய-அமிலப் பேட்டரி கிட்டத்தட்டக் காலி. நிறைந்து ஓய்ந்திருக்கும்போது 12.6, பாதியில் 12.2 அளவில் இருக்கும். இப்போது 12.2-இல் வைத்திருக்கிறேன்.

இந்த அளவுக்கு ‘மின்வெட்டு அழுத்தம்’ என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது. மின்வெட்டு என்றால் நமக்குத் தெரு முழுக்க இருட்டு. ‘துண்டிப்பு’ என்றால் கட்டணம் கட்டாத வீடு. இங்கே யாரும் வெட்டுவதில்லை. வண்டி கிளம்பப் போதுமான மின்சாரத்தை விட்டுவைத்துவிட்டுக் கேமரா தானாக விலகுகிறது. எனவே விலகழுத்தம். விலகு + அழுத்தம், வினைத்தொகை, ஊறுகாய் போல.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும்: பேச்சில் ‘தரிப்பு’ என்று தனியாகச் சொல்வீர்களா, ‘இடம்’ சேர்ந்தால்தான் வருமா? தனியாக வராதென்றால் முதல் சொல்லை மறுபடி பார்க்கலாம்.