பாட்டி பெட்டி: குடும்பக் குழுவில் ஓர் இரவு

ஸ்டெல்லா அத்தை: அம்மாவின் தகரப் பெட்டியை முப்பதாம் நாள் பூசைக்குள் பிரித்துவிட வேண்டும். அடியில் சுருக்குப்பை நிறையப் பழைய சுரூபம், கழுத்தில் போடும் மாதா, புனிதர் பதக்கங்கள். யாருக்கு வேண்டும்?

ரோசி: படம் போடுங்க அத்தை

ஸ்டெல்லா அத்தை: 📷 📷 📷

ஜெரால்டு துபாய்: ஒன்றில் 1830 என்று இருக்கே! கிட்டத்தட்ட 200 வருஷப் பழசு. விற்கலாம்

பெரியப்பா: தம்பி, அவசரப்படாதே. அது அற்புத சுரூபம். 1830 என்பது பாரீசில் கன்னியாஸ்திரி கத்தரீன் லபூரேவுக்கு மாதா காட்சி கொடுத்த ஆண்டு. முதல் சுரூபமே 1832இல்தான் அடித்தார்கள். இன்று வேளாங்கண்ணிக் கடையில் வாங்கினாலும் அதே 1830 இருக்கும்.

மேரி சித்தி: சரி

பெரியப்பா: இன்னும் முடிக்கவில்லை. இரண்டாவது படம் அருளானந்தர். பெயருக்கு முன்னால் 'பி' இருக்கிறதா, 'எஸ்' இருக்கிறதா? 'பி' முத்திப்பேறு பெற்றவர், 'எஸ்' புனிதர். 1853இல் புனிதருக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம், 1947இல்தான் புனிதர் பட்டம். 'பி' என்றால் 1947க்கு முந்தைய வார்ப்பு என்று நம்பலாம். மூன்றாவது சவேரியார். அவர் இறந்த 400ஆம் ஆண்டு, 1952இல், உடலைத் தரிசனத்துக்கு வைத்தபோது அப்பா கோவா போய் வாங்கி வந்தது. யாரும் தேய்க்காதீர்கள். சேகரிப்பவர்கள் நாள்பட்டுப் படிந்த கறுப்பைத்தான் பார்ப்பார்கள்.

ஸ்டெல்லா அத்தை: மேரி நேற்றே புளி போட்டுத் தேய்த்தாச்சு

மேரி சித்தி: சுத்தம் பண்ணச் சொன்னது யார் அண்ணி?

ரோசி: 😬

ஜெரால்டு துபாய்: 'பி'யா 'எஸ்'ஸா?

ஸ்டெல்லா அத்தை: எனக்கு எட்டு மாதிரி தெரியுது

பெரியப்பா: எதுவானாலும் விற்பனை வேண்டாம். சாமியார் ஆசீர்வதித்து மந்திரித்த சுரூபத்தை விற்றால் அதற்குரிய பலன் போய்விடும். திருச்சபை விதி.

ஜெரால்டு துபாய்: பாட்டியின் ரெட்டை வடச் சங்கிலி போனபோது விதி எங்கே இருந்தது பெரியப்பா?

ஸ்டெல்லா அத்தை: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்

லூர்து மாமா: பூசைக்கு அப்புறம் மட்டன் பிரியாணிதானே? ஆள் கணக்கு சொல்லுங்க

பெரியப்பா: சங்கிலி உன் அப்பன் காலேஜ் ஃபீசுக்குப் போனது. அவனையே கேள்.

மேரி சித்தி: மாமா, பூசை வெள்ளிக்கிழமை, இறைச்சி கூடாது

லூர்து மாமா: அடடா. அப்போ மீன்

ரோசி: சவேரியார் எனக்கு 🙋

ஸ்டெல்லா அத்தை: நான்தான் முதலில் எடுத்து வைத்தேன்

பெரியப்பா: யாரும் எடுக்க வேண்டாம். நேரில் பேசுவோம்.

ஜெரால்டு துபாய்: நான் வீடியோ காலில் வருவேன்

லூர்து மாமா: மீன் சீலாவா, பாறையா?